அரிப்புக் கரையில் ஓர் ஆங்கில மாளிகை

ஒரு நாட்டு மக்களின் வரலாற்றை அவர்தம் ஏடுகள் மட்டுமன்றி வீடுகளும் கூறும். ஏடெழுதுவோன் தான் விரும்பியதை எழுதலாம், விரும்பாததை விட்டுவிடலாம். வீடு அவ்வாறு செய்யமாட்டாது. அதன் முகம் எத்திசை நோக்கியது, அதன் சுவர் எதனால் ஆயது, அதனைக் கட்டுதற்குரிய பொருள் எங்கிருந்து வந்தது என்னும் மூன்று வினாக்களுக்கும் விடை காண்போமாயின், அங்கு வாழ்ந்தோர் யாவர், அவர்க்காக உழைத்தோர் யாவர் என்பன தாமே புலப்படும்.

யாழ்ப்பாணத் தீவகத்திலே ஊர்காவற்றுறைக்கு அணித்தாயுள்ள நாரந்தனை முதலிய ஊர்களின் பழைய நாற்சார் வீட்டினை எடுத்துக்கொள்வோம். நாற்புறமும் அறைகளும் விறாந்தைகளும் சூழ, நடுவே வானம் பார்த்த முற்றம். வெளிச்சுவரிலே சாளரங்கள் சில, அவையும் சிறியன. வீட்டின் முகம் உள்நோக்கியது. கடல் தந்த முருகைக்கல்லே சுவர். அக்கல்லைச் சுட்டெடுத்த சுண்ணாம்பே சாந்து. கூரையைத் தாங்குவன பனைமரங்கள். கல்யாணமும் முற்றத்திலே நிகழும். நெல்லும் முற்றத்திலே காயும். வீட்டார் தேட்டமும் ஊரார் உழைப்பும் கூடி எழுந்த கட்டடம் அது.

இங்கிலாந்தின் நாட்டுப்புற மாளிகை இதற்கு நேர்மாறானது. அது பரந்த புற்றரையின் நடுவே, பெரும்பாலும் சற்று உயர்ந்த நிலத்திலே, நாற்றிசையும் பார்க்குமாறு நிற்கும். அதன் சாளரங்கள் பெரியன, வரிசை தவறாதன. மேன்மாடத்திலே நிற்கும் பிரபுவின் கண்ணுக்கு எட்டிய நிலமெல்லாம் அவனுடையதே என்பதை, வருவோர்க்கும் போவோர்க்கும் வாய்திறவாமலே அறிவிப்பது அம்மாளிகையின் தொழில். அந்நிலத்தை உழுவோர் செலுத்தும் வாரமே அதன் உயிர்.

அத்தகைய மாளிகையொன்று இங்கிலாந்திலன்றி, ஈழத்திலே தமிழர் வாழும் கடற்கரையிலும் எழுந்து நின்றது என்பதைப் பலர் அறியார். ஊர்காவற்றுறையிலிருந்து தோணியேறித் தெற்கு நோக்கிச் செல்வோர் பாக்குநீரிணை வழியாக மன்னாரை அடைவர். மன்னாருக்குத் தெற்கே, அருவியாறு கடலோடு கலக்கும் இடத்திற்கு அணித்தாக, அரிப்பு என்னும் ஊர் உளது. போர்த்துக்கேயர் கட்டிப் பின்னர் ஒல்லாந்தர் கைப்பற்றிய சிறு கோட்டையொன்று அங்குண்டு. கண்டியரசனின் நாட்டிலே ஏறத்தாழ இருபது ஆண்டுகள் சிறையிருந்த ஆங்கிலேயரான றொபேட் நொக்ஸ், 1679 ஆம் ஆண்டிலே அருவியாற்றின் கரைவழியே தப்பிவந்து அடைக்கலம் புகுந்தது அக்கோட்டையிலேயே. அவ்வரிப்புக்கும் சிலாவத்துறைக்கும் இடையே, கடலை நோக்கிய செம்மண் மேட்டின் விளிம்பிலே, உடைந்த சுவர்களும் தூண்களுமாய் ஒரு கட்டடம் நிற்கின்றது. கூரையில்லை, மேற்றளமில்லை. ஒரு பாகம் கடலினுட் சரிந்துவிட்டது. நூல்கள் அதனை ‘டொறிக் மாளிகை’ என்று குறிக்கும். ஊர்மக்கள் ‘அல்லிராணி கோட்டை’ என்று கூறுவர்.

கட்டுவித்தவர் பிரெடெரிக் நோர்த் என்பவர். ஆங்கிலேயர் ஈழத்துக் கரையோரப் பகுதிகளை ஒல்லாந்தரிடமிருந்து கைப்பற்றிய பின்னர் இங்கு வந்த முதலாவது ஆங்கிலத் தேசாதிபதி அவர். 1798 ஆம் ஆண்டு முதல் 1805 ஆம் ஆண்டு வரை ஆட்சி செய்தார். அமெரிக்கக் குடியேற்றநாடுகளை இங்கிலாந்து இழந்த காலத்திலே பிரதம மந்திரியாயிருந்த நோர்த் பிரபுவின் இளைய மைந்தர். அவர்தம் குடும்பத்தின் இருப்பிடம் ஒக்ஸ்போட் மாகாணத்திலுள்ள ‘றொக்ஸ்டன் அபி’ என்னும் மாளிகை. பதின்மூன்றாம் நூற்றாண்டிலே கிறித்தவத் துறவிகளுக்கென நிறுவப்பெற்ற மடம் அது. எட்டாம் ஹென்றி மன்னன் மடங்களை ஒழித்தபின், பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே அதே இடத்தில் மாளிகை எழுந்தது. கூர்ங்கோணக் கூரைமுகப்புகளும், கல்லிற் செதுக்கிய சாளரச் சட்டங்களும் உடைய பழம்பாணிக் கட்டடம் அது.

நோர்த் பிறந்த காலத்திலே, அப்பழம்பாணியினின்றும் ஆங்கிலப் பிரபுக்களின் உள்ளம் விலகிவிட்டது. இத்தாலிய நாட்டுச் சிற்பியான பல்லாடியோவின் நூல்களைப் பின்பற்றி, உரோமக் கோயில்களை ஒத்த முகப்புகளைத் தம் வீடுகளுக்கு அமைக்கலாயினர். அவ்வீடுகளிலே கீழ்த்தளம் தாழ்ந்தது. பண்டசாலையும் வேலையாட்களின் அறைகளும் அங்கே. மேற்றளமே தலைமைத்தளம், விருந்து மண்டபமும் பெரிய கூடங்களும் அங்கே. இதற்கு அடுத்த படியாக, உரோமர்க்கும் முந்திய கிரேக்கரின் கட்டடங்களை ஆராயும் ஆர்வம் பிறந்தது. ஸ்டூவட், றெவெற் என்னும் இருவர் அதென்ஸ் நகரம் சென்று அளந்து வரைந்த நூலின் முதற் பாகம் 1762 ஆம் ஆண்டிலே வெளிவந்தது. அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்னரே, ஸ்டூவட் என்பவர் இங்கிலாந்தின் ஹாக்லி என்னும் இடத்திலே ஒரு பிரபுவின் தோட்டத்தில் டொறிக் பாணியிற் சிறு கோயிலொன்றை எழுப்பியிருந்தார்.

கிரேக்கத் தூண் மூவகைப்படும். இலைக்கொத்து முடி அணிந்தது கொறிந்தியம். சுருள்முடி அணிந்தது ஐயோனியம். யாதோர் அணியுமின்றி, பருத்த உடலும் எளிய பலகைமுடியும் கொண்டது டொறிக். மூன்றினுள்ளும் பழமையானதும், உரம் மிக்கதாய்த் தோன்றுவதும் டொறிக்கே. நோர்த்துக்குக் கிரேக்கத்தின்மீது இருந்த பற்று வெறும் நாகரிகப் பற்றன்று. இளமையிலேயே அந்நாடுகளுக்குப் பயணஞ் செய்தார். கோர்பு தீவிலே கிரேக்க வைதிகத் திருச்சபையிற் சேர்ந்தார். பிற்காலத்திலே கில்போட் பிரபு என்னும் பட்டம் எய்தியபின், 1824 ஆம் ஆண்டிலே அதே தீவில் ஐயோனியக் கழகம் என்னும் உயர்கல்விக் கூடத்தையும் நிறுவினார். ஆகவே, தமக்கென ஒரு வீட்டைத் தாமே திட்டமிடும் வாய்ப்புக் கிடைத்தபோது, அவர் தம் தந்தையின் மாளிகையை நினையாது கிரேக்கத் தூணை நினைத்தமை வியப்பன்று.

இனி, அவ்வீட்டை அவர் கொழும்பிலோ கோட்டைமதிலினுள்ளோ அமையாது, மழை குன்றிய, ஆளரவம் அற்ற அரிப்புக் கரையிலே அமைத்தது ஏன்? விடை கடலினுள் இருந்தது.

அரிப்புக்கு எதிரே மன்னார்க் குடாவிலே, ஆழங்குறைந்த கடலடியில் ‘பார்’ எனப்படும் பாறைத் திட்டுகள் பல உள. பெரிய பார், சேவல் பார் முதலியன அவற்றுட் பேர்பெற்றவை. முத்துச் சிப்பிகள் விளைந்த நிலங்கள் அவை. பாண்டியர் காலந்தொட்டு அரசர் கண்ணெல்லாம் அங்கேயே இருந்தன. போர்த்துக்கேயர் குளிப்பித்தனர், ஒல்லாந்தர் குளிப்பித்தனர், ஆங்கிலேயர் வந்த ஆண்டு தொடங்கியே அவர்க்கு வாய்ப்பு நல்லதாயிற்று. 1798 ஆம் ஆண்டுச் சலாபம் ஒன்றே 1 இலட்சம் பவுணுக்கு மேற்பட்ட வருவாயைத் தந்தது. நோர்த்தின் அரசாங்கமோ பணமுடை மிக்கது. புதிய நீதிமன்றங்கள், நில அளவைத் திணைக்களம், பாடசாலைகள், அம்மைப்பால் குத்துதல் எனப் பல முயற்சிகள் ஒருபுறம். 1803 ஆம் ஆண்டிலே கண்டியரசோடு தொடங்கிப் பேரழிவில் முடிந்த போர் மற்றொருபுறம். இவற்றிற்கெல்லாம் வேண்டிய பொருளுக்குக் கறுவாவும் முத்துமே பெருந்துணை. முத்துக்குளிப்புக் காலத்திலே தேசாதிபதி நேரே வந்து தங்கிப் பார்வையிடுதற்காகவே, 1801 ஆம் ஆண்டு முதல் 1804 ஆம் ஆண்டு வரை டொறிக் மாளிகை எழுப்பப்பட்டது.

அக்காலத்திலே கொழும்பிற் படைக்குருவாயிருந்த ஜேம்ஸ் கோடினர் என்பவர், 1807 ஆம் ஆண்டிலே தாம் வெளியிட்ட இலங்கை வரலாற்று நூலில் இம்மாளிகையைப் புகழ்ந்திருக்கின்றார். இத்தீவிலுள்ள கட்டடங்களுள் அழகு மிக்கது இதுவே என்பதும், சிற்பநூல் விதிப்படி அமைந்தது இஃதொன்றே எனலாம் என்பதும் அவர் கருத்து. மாளிகை இருதளங்களை உடையது. கீழ்த்தளத்திலே சிறிய அறைகளும் பண்டசாலைகளும். மேற்றளத்திலே விசாலமான கூடங்கள். அதற்கும் மேலே தட்டையான மொட்டைமாடி. கீழே சிறுமை, மேலே பெருமை என்னும் ஆங்கில மாளிகையின் முறை இங்கும் பிறழவில்லை. கட்டிய பொருள் செங்கல். அதன்மீது, சிப்பி ஓட்டைச் சுட்டு எடுத்த சுண்ணாம்பினால் ஆகிய வெண்சாந்து, சலவைக்கல் எனக் காண்போர் மயங்குமாறு தீற்றப்பட்டது. அக்கரையிலே மலைமலையாய்க் குவிந்து கிடந்தவை சிப்பி ஓடுகளே. முத்தைப் பிறநாட்டு மங்கையர் அணிந்தனர். முத்தைக் காத்த ஓடு தேசாதிபதியின் சுவருக்கு அணியாயிற்று.

முதலில் எழுப்பிய மூன்று வினாக்களுள் ஒன்றுக்கு விடை இது. மாளிகையின் முகம் நோக்கிய திசை யாது என்பது அடுத்த வினா. அது கடலை நோக்கியது. இங்கிலாந்துப் பிரபு மேன்மாடத்தில் நின்று தன் விளைநிலத்தைப் பார்ப்பான். நோர்த் கட்டிய மொட்டைமாடி கடல் என்னும் விளைநிலத்தைப் பார்த்தது.

அங்கிருந்து நோக்குவார்க்குத் தோன்றிய காட்சியைச் சற்று எண்ணிப் பார்க்கலாம். மாசி பிறந்து வாடைக்காற்று ஓய்ந்து, சோளகக்காற்று எழுவதற்கு இடைப்பட்ட அமைதிக் காலமே சலாபக் காலம். ஆண்டு முழுவதும் வெறிச்சோடிக் கிடக்கும் மணற்பரப்பிலே, சில நாள்களுக்குள் ஒரு பெருநகரம் முளைத்துவிடும். கம்பு நட்டுக் கிடுகு வேய்ந்த கொட்டில்கள் ஆயிரக்கணக்கில் எழும். கீழக்கரையார், தூத்துக்குடியார், யாழ்ப்பாணத்தார், மலையாளத்தார், அராபியர் எனப் பலதேயத்தாரும் பலமதத்தாரும் கூடுவர். செட்டிமார் வருவர், பொற்கொல்லர் வருவர், முத்துத் துளைப்போர் வருவர், கூத்தாடிகளும் பிச்சைக்காரரும் திருடரும் வருவர்.

நள்ளிரவில் வெடி தீர்ந்ததும் தோணிகள் நிலக்காற்றிற் பாய்விரித்துச் செல்லும். கதிரவன் எழுந்தபின்னரே குளிப்புத் தொடங்கும். தோணி ஒன்றுக்கு ஐந்து கற்கள். கல் ஒன்றுக்கு இருவராகக் குளிப்போர் பதின்மர். கயிற்றிற் கட்டிய கல்லிலே காலை ஊன்றி, மூக்கைப் பொத்தி, வலைப்பையோடு ஒருவர் இறங்குவார். மற்றவர் மேலே இளைப்பாறுவார். ஐந்து பாகம் முதல் பத்துப் பாகம் வரை ஆழம். அடியிலே தங்கும் நேரம் பெரும்பாலும் ஒரு நிமிடமே. சிப்பி அடர்ந்த பாராயின் ஒரு மூழ்கில் நூற்றைம்பது அகப்படும். அடர்த்தியற்ற மணலாயின் ஐந்தும் அரிது. சுறாமீனை அஞ்சாது குளிப்போர் இலர். ஆகலின், மந்திரத்தாற் சுறாவின் வாயைக் கட்டுவோராகிய கடற்கட்டிகள் கரையிலே வேண்டியவராயினர். மந்திரத்தில் நம்பிக்கையற்ற ஆங்கில அரசாங்கமே அவர்களுக்குச் சம்பளம் கொடுத்தது. ஏனெனில், கடற்கட்டி இல்லையேற் குளிப்பும் இல்லை. குளிப்பு இல்லையேல் வருவாயும் இல்லை.

நண்பகலிலே தொழில் நிற்கும். கடற்காற்றிலே தோணிகள் கரை திரும்பும். சிப்பிகள் வேலியடைத்த நிலத்திலே குவிக்கப்பட்டு, வெயிலில் அழுகவிடப்பட்டு, பின்னர்க் கழுவப்படும். அந்நாற்றம் காவதத்துக்கு வீசும். கழுவி எடுத்த முத்துகளைப் பித்தளைச் சல்லடைகளில் அரித்து, அளவாலும் ஒளியாலும் தரம்பிரிப்பர். ஆணிமுத்து முதல் தூள் வரை ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு பெயரும் விலையும் உண்டு.

மூன்றாவது வினாவுக்கு, அதாவது பொருள் எங்கிருந்து வந்தது என்பதற்கு, விடை இக்காட்சியிலேயே உளது. அக்காலத்தில் அரசாங்கம் குளிப்பைக் குத்தகைக்கு விடுவது வழக்கம். 1804 ஆம் ஆண்டிலே குத்தகை எடுத்தவர், சோழமண்டலக் கரையிற் சில காலம் வாழ்ந்த யாழ்ப்பாணத்தவர் ஒருவர் என்று கோடினர் எழுதுகின்றார். 150 தோணிகளைக் கொண்டு 30 நாள்கள் குளிப்பதற்கு அவர் இறுப்பதாக உடன்பட்ட தொகை 3 இலட்சம் பரங்கிப்பேட்டை வராகன். அக்கால மதிப்பில் 1,20,000 பவுண். டொறிக் மாளிகை முற்றுப்பெற்றதும் அதே ஆண்டிலாகும். ஆகவே, ஆள்வோன் ஆங்கிலேயன், மூழ்குவோன் தமிழன் என்று மட்டும் இவ்வரலாற்றைச் சுருக்கிவிடுதல் உண்மையாகாது. இலாபத்தை நோக்கிப் பணம் முடக்கியவர்களுள் இந்நாட்டவரும் இருந்தனர். ஆயினும், நட்டம் வந்தாலும் இலாபம் வந்தாலும், உயிரைப் பணயம் வைத்தவன் கல்லில் ஏறி இறங்கியவனே. தேசாதிபதியின் பெயரை நூல்கள் கூறுகின்றன. குத்தகையின் தொகையை நூல்கள் கூறுகின்றன. குளித்தவன் பெயரை எந்நூலும் கூறவில்லை.

மாளிகை முற்றுப்பெற்ற மறு ஆண்டிலே நோர்த் பதவி நீங்கிச் சென்றார். மூன்றாண்டுகள் முயன்று கட்டிய வீட்டில் அவர் நெடுங்காலம் வாழும் பேறு பெற்றாரல்லர். பின்வந்த தேசாதிபதிகளும் உத்தியோகத்தரும் சலாபக் காலங்களில் அரிப்புக் கரைக்கு வந்து போயினர். ஆனால் முத்துப் பார்கள் மனிதர் கணக்குக்கு அடங்குவனவல்ல. சில ஆண்டுகள் அள்ளித் தரும். பல ஆண்டுகள் கையை விரித்துவிடும். 1837 ஆம் ஆண்டுக்குப் பின்னர் 1855 ஆம் ஆண்டு வரை குளிப்பே நிகழவில்லை. 1905 ஆம் ஆண்டிலே சுமார் 25 இலட்சம் ரூபாய் வருவாய் கிடைத்தது. அதுகண்டு மகிழ்ந்த அரசாங்கம், மறு ஆண்டிலே பார்களை ஓர் ஆங்கிலக் கம்பனிக்கு இருபது ஆண்டுக் குத்தகைக்குக் கொடுத்தது. சில ஆண்டுகளுக்குள் சிப்பி அற்றது, கம்பனியும் கலைந்தது. 1925 ஆம் ஆண்டுக் குளிப்போடு சலாபப் பெருமை ஏறத்தாழ முடிந்தது. யப்பானியர் வளர்ப்பு முத்தைச் சந்தைக்குக் கொண்டுவரவே, கடலடி முத்தின் விலையும் வீழ்ந்தது. காக்கவேண்டிய விளைநிலம் இல்லாதபோது காவல்மாடத்துக்கு என்ன வேலை? டொறிக் மாளிகை கைவிடப்பட்டது. கூரை போயிற்று. மேட்டின் அடியைக் கடல் ஆண்டுதோறும் அரித்துவர, சுவர்களும் ஒவ்வொன்றாய்ச் சரிந்தன. முத்தைத் தந்த கடலே, முத்தாற் கட்டிய வீட்டையும் வாங்கிக்கொண்டது.

இவ்விதி அரிப்புக்கு மட்டும் உரியதன்று. இங்கிலாந்தின் மாளிகைகளும் இவ்வாறே வீழ்ந்தன. 1870 களிலே அமெரிக்கக் கோதுமை மலிவாக வந்திறங்கவே, ஆங்கில நிலங்களின் வாரம் குறைந்தது. 1894 ஆம் ஆண்டிலே மரணவரி புகுந்தது. இரு பெரும்போர்களில் வாரிசுகள் மாண்டனர்; வேலையாட்கள் வேறு தொழில் தேடினர். இருபதாம் நூற்றாண்டில் இடித்தழிக்கப்பட்ட மாளிகைகள் ஆயிரத்திற்கு மேற்பட்டன. நோர்த்தின் குடும்பத்து றொக்ஸ்டன் மாளிகையும் தப்பவில்லை. அந்நிலம் உண்மையில் ஒக்ஸ்போட் திரித்துவக் கல்லூரிக்கு உரியது. நோர்த் குடும்பத்தார் தலைமுறை தலைமுறையாக அதன் குத்தகைக்காரரேயாவர். 1932 ஆம் ஆண்டிலே முதியவரான நோர்த் பிரபு இறக்கவே குத்தகை முடிந்தது. வீட்டுப் பொருள்கள் ஏலத்தில் விலைபோயின. 1965 ஆம் ஆண்டிலே அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்று அம்மாளிகையை வாங்கிப் பாடசாலையாக்கியது. வருவாய் உள்ளவரையே பெருவீடு வாழும். வருவாய் நின்றபின், அதற்குப் புதியதொரு பயன் கண்டாலன்றி அது நிலையாது. றொக்ஸ்டனுக்கு அப்பயன் கிடைத்தது, அரிப்புக்குக் கிடைக்கவில்லை.

எனினும், அரிப்பு மக்கள் அம்மாளிகைக்குப் பிறிதொன்றைக் கொடுத்தனர். அஃதொரு கதை. அர்ச்சுனனை மணந்த அல்லியரசாணி பாண்டி நாட்டை ஆண்டவள் என்பது பாரத அம்மானைக் கதை. மன்னார்ப் பகுதி மக்களோ, அவள் அரிப்புக்குத் தெற்கேயுள்ள குதிரைமலையில் இருந்து ஆண்டாள் என்றும், முத்துக் கொடுத்துக் குதிரை வாங்கினாள் என்றும் கூறுவர். நோர்த்தின் மாளிகை பாழடைந்தபின், அப்பெருஞ் சுவர்களையும் பருத்த தூண்களையும் கண்டோர், இத்தகைய வீடு அல்லிராணிக்கே தகும் என்று துணிந்தனர் போலும். ஆங்கிலேயர் கட்டிய, கிரேக்கப் பெயர் கொண்ட வீடு, இருநூறாண்டுக்குள் தமிழரசியின் கோட்டையாயிற்று. வரலாற்றாசிரியர் இதனைப் பிழையென்பர், அது பிழையே. ஆயினும், முத்துக் கடலுக்கு உரிமை யாருடையது என்பதைப் பற்றி அக்கரை மக்கள் உள்ளத்தில் இருந்த எண்ணம் அப்பிழையினுள்ளே தெரிகின்றது.

அந்நியன் கட்டிய வீடு இடிந்தால் நமக்கென்ன என்று வினவுவாரும் உளர். அவர்க்கு ஒரு மறுமொழி உண்டு. ஆயிரமாயிரம் பேர் வாழ்ந்த கிடுகு நகரம் ஆண்டுதோறும் எழுந்தது, ஆண்டுதோறும் பிரிக்கப்பட்டது. அதன் சுவடு ஒன்றும் இன்றில்லை. குளித்தோரின் தோணியும் கல்லும் கயிறும் மறைந்தன. சலாபக் காலத்துக்கெனக் கல்லும் சாந்துமாய்க் கட்டப்பட்டு, இன்றும் கரையிலே நிற்பது டொறிக் மாளிகையே. அதன் சாந்தினுள் இருப்பது நம்மவர் மூழ்கி எடுத்த சிப்பியின் சுண்ணாம்பு. எனவே, அது தேசாதிபதியின் நினைவுச்சின்னம் மட்டுமன்று. பெயர் எழுதப்படாத முத்துக்குளிப்போரின் நினைவுச்சின்னமும் அதுவே. அவர்கள் பெயர் பொறித்த கல் வேறில்லை.

கடல் காத்திருப்பதில்லை. எஞ்சியுள்ள சுவர்களைக் காக்க இயலுமாயின் காத்தல் நன்று. இயலாதாயின், அவற்றை அளந்து வரைந்து படமெடுத்து வைத்தலும், அல்லிராணி கதையையும் சலாபக் கதைகளையும் கேட்டறிந்த முதியோர் வாய்மொழியை எழுதி வைத்தலும் அருஞ்செயல்களல்ல. ஆசிரியர் ஒருவரும் மாணவர் சிலரும் ஓர் அளவுநாடாவோடு சென்றாலே தொடங்கிவிடலாம். அவ்வாறே, நாரந்தனையிலும் வேலணையிலும் நெடுந்தீவிலும் ஆளின்றிப் பூட்டிக்கிடந்து, ஒவ்வொரு மாரிக்கும் ஒவ்வோர் ஓடாக இழந்துவரும் நாற்சார் வீடுகளையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். அரிப்பு மாளிகைக்குக் கதையேனும் கிடைத்தது. முற்றம் இழந்த நம் வீடுகளுக்கு, வாழ்ந்தோர் சென்றபின், கதை சொல்வாரும் இலராதல் கூடாது.